'வந்தேன்' என்னும் சொல்லில் 'நான்' எங்கே?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்குவதற்கு முன் வரும் சிற்றூர் வித்துரா. அங்கிருந்து ஒரு கிளைச்சாலை போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரிகின்றது. தோட்டத்துக்கு அப்பால் அடர்ந்த காடு. காட்டுக்கு மேலே 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். தமிழ் மரபு பொதிகை என்று போற்றும் மலை இதுவே. முதல் தமிழ் இலக்கணமாகிய அகத்தியத்தைச் செய்த முனிவர் இங்கே உறைந்தார் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. அந்நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் எடுத்தாண்ட சில சூத்திரங்களே எஞ்சியுள்ளன.

இலக்கண முனிவரின் மலையடியில் வளரும் ஒரு தமிழ்க் குழந்தை, தகப்பனார் வேலை முடிந்து வீடு திரும்பியதைக் கண்டு, அடுக்களையில் இருக்கும் தாயிடம் "அம்மா, அப்பா வந்து" என்கிறது. 'வந்து, என்ன செய்தார்?' என்று தாய் காத்திருக்கிறாள். குழந்தையோ சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு விளையாடப் போய்விட்டது.

கேரளத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று. சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லில் குழந்தை விட்டது எது, அதை ஏன் விட்டது, திரும்பப் பெறுவது எவ்வாறு என்பவற்றைப் பெற்றோர் சற்று ஊன்றிப் பார்ப்பது நல்லது.

வித்துராச் சுற்றுப்புறத்து மலைகளில் வெள்ளையர் காலத்தில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தபோது, கொழுந்து கிள்ளவும் காடு திருத்தவும் தமிழ் மக்கள் வந்து லயங்களில் குடியேறினர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வித்துரா அடங்கிய நெடுமங்காடு தாலுகா கேரளத்தில் நின்றது. பின்னாளில் போணக்காட்டுத் தோட்டம் நொடித்தது, கூலி நின்றது, பலர் மலையிறங்கி வேறு பிழைப்புத் தேடினர். இன்னொரு பக்கம், 2008இல் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் வித்துராவை அடுத்து அமைந்தது. படிக்கவும் பணிபுரியவும் பல மாநிலத்தார் அங்கு வருகின்றனர். லயத்துக் குழந்தையாயினும் பேராசிரியரின் குழந்தையாயினும், பள்ளியிலும் கடைத்தெருவிலும் பேருந்திலும் அது கேட்பது மலையாளமே.

அந்த மலையாளத்தில் இறந்தகால வினை எப்படி இருக்கிறது? ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு, அது வந்நு. எல்லாவற்றுக்கும் ஒரே 'வந்நு'. நமக்கோ வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என ஆறு வேறு முடிவுகள். இன்னும் வந்தோம், வந்தீர்கள், வந்தார்கள், வந்தன என்பவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் வினைமுற்றின் ஈற்றில் செய்தவன் யார் என்பது எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. 'வந்தேன்' என்றால் போதும். 'நான்' என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. அந்த 'நான்' சொல்லின் கடைசியில் உள்ள 'ஏன்' என்னும் விகுதியில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை முறையாக எடுத்துச் சொன்னவர்களுள் தலையாயவர் ஒரு மலையாள இலக்கணப் பேரறிஞர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் ஆசிரியராய் விளங்கிய ஏ. ஆர். ராஜராஜ வர்மா 'கேரள பாணினீயம்' என்னும் இலக்கண நூலை 1896இல் வெளியிட்டார். அதைத் திருத்தி 1917இல் புதுப்பித்தார். தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த வழிகளாக அவர் ஆறு நியமங்களைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று 'புருஷபேத நிராசம்'. அதாவது தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற வேற்றுமையை வினை கைவிட்டது. பிரிவு பற்றிய அவர் கொள்கையைப் பின்வந்த அறிஞர் எல்லாரும் ஒப்பவில்லை. ஆயினும் அவர் சுட்டிய ஒலி மாற்றங்களும் விகுதி இழப்பும் கண்கூடானவை. சுமார் 12ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் 'ராமசரிதம்' என்னும் பாட்டு நூலில் விகுதி பெற்ற வினைகள் நிறைய உண்டு. எழுத்தச்சன் பாட்டுகளிலும் 'சொன்னான்' போன்ற வடிவங்களை அங்கங்கே காணலாம். பேச்சில் உதிர்ந்தது செய்யுளில் சிலகாலம் தங்கியது போலும்.

விகுதியை விட்டதனால் மலையாளம் ஏழையாகிவிடவில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலமும் அதைத்தான் செய்தது. அங்கேயும் நான், நீ, அவன், அவர்கள் எல்லார்க்கும் இறந்தகாலத்தில் ஒரே வடிவந்தான். அவரவர் மொழிக்கு அவரவர் வழி. இரண்டு வழிகளையும் கலந்து, இரண்டிலும் சேராத ஒன்றை நம் குழந்தை பேசும்போதுதான் கவலை உண்டாகிறது.

இனி, நம்மைப்போலவே விகுதியை விடாமல் வைத்திருக்கும் ஒரு தூரத்து மொழியைப் பார்ப்போம். அது ஸ்பானியம். இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களில் ஒரு கிளை கேரளத்திலும் மற்றொரு கிளை அமெரிக்காவிலுமாக இருப்பது இப்போது சகஜம். அந்நாட்டுப் பள்ளிகளில் பிற மொழியாகப் பிள்ளைகள் மிகுதியாகப் பயில்வது ஸ்பானியமே. தமிழ் வினையை மறந்த பிள்ளை ஸ்பானிய வினையை நெட்டுருப் போடுகிறது! இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினால் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை எளிதில் கற்பிக்கலாம்.

'பேசு' என்பதற்கு ஸ்பானியத்தில் 'அப்லார்' என்பர். நடுவில் உள்ள பகரத்தைத் 'தம்பி' என்பதில் வரும் 'பி' போல மெலிதாக ஒலிக்க வேண்டும். ஈற்றில் உள்ள 'ஆர்' நீங்கினால் மிஞ்சும் 'அப்ல்' பகுதி. அதனோடு விகுதி சேர இறந்தகாலம் பிறக்கும். பேசினேன் என்பது 'அப்லே'. பேசினாய் என்பது 'அப்லாஸ்தே'. பேசினான், பேசினாள், பேசினார் மூன்றுக்கும் 'அப்லோ'. பேசினோம் 'அப்லாமோஸ்'. பேசினீர்கள் 'அப்லாஸ்தேயிஸ்'. பேசினார்கள் 'அப்லாரோன்'. அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியர் 'அப்லாஸ்தேயிஸ்' என்பதை வழங்குவதில்லை. 'நீங்கள்' என்பதற்கும் 'அப்லாரோன்' என்றே முடித்துவிடுவர்.

'ஆர்' ஈற்று வினைகளுக்கு இது வாய்பாடு. 'ஏர்', 'இர்' என முடியும் வினைகளுக்கு இன்னொன்று. உண்ணுதலைக் குறிக்கும் 'கொமேர்' என்பது கொமீ, கொமிஸ்தே, கொமியோ, கொமிமோஸ், கொமிஸ்தேயிஸ், கொமியேரோன் என்று நடக்கும். வாழ்தலைக் குறிக்கும் 'பிபிர்' என்பதும் இதே நடையில் பிபீ, பிபிஸ்தே, பிபியோ எனச் செல்லும். ஒழுங்கான வினைகள் எல்லாம் இந்த இரண்டு வாய்பாடுகளுக்குள் அடங்கும்.

இங்கே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சொந்த உணர்ச்சி உண்டாக வேண்டும். 'அப்லே' என்று சொன்னாலே 'நான்' அடங்கிவிடுகிறது. 'நான்' என்பதற்குரிய 'யோ' என்னும் சொல்லை அழுத்தம் வேண்டியபோது மட்டுமே ஸ்பானியர் சேர்ப்பர். 'பேசினேன்' என்பதும் 'நான்தான் பேசினேன்' என்பதும் நமக்கு எவ்வாறோ அவ்வாறே. ஆங்கில வழியில் ஸ்பானியம் கற்பவர்கள் வாக்கியந்தோறும் 'யோ, யோ' என்று அடுக்குவதுண்டு. தமிழை நினைத்துக்கொண்டு கற்பவர்க்கு அந்தத் தொல்லை இல்லை.

வேற்றுமைகளும் உண்டு. நன்னூலார் இறந்தகால இடைநிலைகளைத் த், ட், ற், இன் என நான்காகச் சொல்கிறார். பேசினேன் என்பதைப் பேசு, இன், ஏன் என்று பிரித்தால் செயல், காலம், ஆள் மூன்றும் மூன்று மணிகளாகக் கையில் வந்துவிடும். ஸ்பானியத்தில் அவ்வாறு பிரிக்க இயலாது. 'அப்லே' என்பதன் ஈற்று 'ஏ' ஒன்றிலேயே காலமும் ஆளும் கரைந்திருக்கின்றன. அதனால் அங்கே நிகழ்காலத்துக்கு வேறு வாய்பாடு, எதிர்காலத்துக்கு வேறு வாய்பாடு என்று தனித்தனியே மனனம் செய்ய வேண்டும். நமக்கு ஒருமுறை விகுதிகளைக் கற்றால் போதும். பேசினேன், பேசுகிறேன், பேசுவேன் என மூன்று காலத்துக்கும் அதே 'ஏன்' வரும். அஃறிணையில் மட்டும் பேசியது, பேசும் எனச் சிறிது மாறும். ஸ்பானியத்தில் பேசுகிறோம் என்பதும் 'அப்லாமோஸ்', பேசினோம் என்பதும் 'அப்லாமோஸ்'. காலத்தை இடம் நோக்கித்தான் அறிய வேண்டும். 'அப்லொ' என்று முதலெழுத்தை அழுத்தினால் பேசுகிறேன். 'அப்லோ' என்று ஈற்றை அழுத்தினால் பேசினான். அழுத்தம் ஒன்று பிசகினால் ஆளும் காலமும் சேர்ந்தே பிசகும்!

ஐபீரிய நாட்டார் ஒருவர் நம் வினைகளைக் கண்டு வாய்பாடு எழுதிய வரலாறும் உண்டு. ஸ்பானியத்துக்கு உடன்பிறப்பான போர்ச்சுகீசியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அன்றிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் முத்துக்குளித்துறைக்கு வந்து, புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்றார். கற்றதோடு நில்லாமல், பின்வரும் ஐரோப்பியர்க்கு உதவும்பொருட்டுத் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். இலத்தீன் வினைகளை ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப அடுக்கிக் காட்டும் முறையிலேயே தமிழ் வினைகளையும் அடுக்கினார். அவ்வடுக்கு தமிழுக்கு எளிதில் பொருந்தியது. காரணம், இரு பக்கத்திலும் வினை ஆளைச் சுமந்தது. கையெழுத்துப் படியாக லிஸ்பனில் இருந்த அந்நூல் 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறியது. அவரே ஆக்கித் தந்த 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சிடப்பட்டது. வித்துராவிலிருந்து கொல்லம் வெகுதூரமில்லை. கேரளக் கரையில் அச்சான அந்த நூலில் தமிழ் வினைகள் விகுதியோடுதான் நிற்கின்றன.

நிற்க. வீட்டில் என்ன செய்யலாம்?

மலையாளப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்குத் தமிழ் இறந்தகாலம் முற்றும் தெரியாது என்று எண்ணுவது தவறு. அதற்கு முக்கால் பங்கு தெரியும். தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ் கற்கும் பிறமொழிப் பிள்ளைகள் மிகவும் இடர்ப்படுவது விகுதியில் அன்று, இடைநிலையில்தான். செய் என்பது செய்தேன் ஆகிறது. உண் என்பது உண்டேன் ஆகிறது. வில் என்பது விற்றேன் ஆகிறது. ஓடு என்பது ஓடினேன் ஆகிறது. எதற்கு எது என்பதை ஒவ்வொன்றாகப் பழக வேண்டியிருக்கிறது. மலையாளக் குழந்தையோ செய்து, கண்டு, விற்று, ஓடி என்று இடைநிலையைச் சரியாகவே சொல்கிறது. அச்சொல்லின் ஈற்று உகரத்தை நீக்கி 'ஏன்' சேர்த்தால் செய்தேன், கண்டேன், விற்றேன். இகர ஈறாயின் நடுவே ஒரு னகரம் நுழையும். ஓடி என்பது ஓடினேன், பாடி என்பது பாடினேன்.

ஒலி மாறிய சொற்களுக்கும் திறவுகோல் உண்டு. ராஜராஜ வர்மா சொன்ன வேறு இரு நியமங்களே அத்திறவுகோல். மலையாளத்தில் 'ந்ந' வரும் இடத்தில் தமிழில் 'ந்த' வரும். வந்நு என்பது வந்தேன், நடந்நு என்பது நடந்தேன், இருந்நு என்பது இருந்தேன். 'ஞ்ஞ' வரும் இடத்திலும் பெரும்பாலும் அப்படியே; அறிஞ்ஞு என்பது அறிந்தேன். 'ச்சு' என முடிவது 'த்தேன்' ஆகும். அடிச்சு என்பது அடித்தேன், படிச்சு என்பது படித்தேன். பேச்சுத் தமிழில் நாமே அடிச்சேன், படிச்சேன் என்பதால் இது குழந்தைக்கு இன்னும் அணுக்கம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் வீதம் உணவு வேளையில் விளையாட்டாகக் கேட்டுவந்தால், நோட்டுப் புத்தகம் இல்லாமலே இது படிந்துவிடும். தாய் 'கண்டு' என்றால் பிள்ளை 'கண்டேன்' என வேண்டும். தாய் தங்கையைச் சுட்டினால் 'கண்டாள்' என வேண்டும். சிறு பிள்ளைகளிடம் விகுதி, இடைநிலை என்ற பெயர்களை உச்சரிக்கவே வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் விழிப்பாய் இருத்தல் வேண்டும். விகுதி தெரியாத பிள்ளை "சாப்பிட்டாச்சு", "வந்தாச்சு", "எழுதியாச்சு" என்று தப்பித்துக்கொள்ளும். இவை நல்ல தமிழ்தான். ஆனால் யார் சாப்பிட்டது என்பது அவற்றில் இல்லை. பிள்ளை சரளமாகப் பேசுவதாக நாம் மகிழ்ந்திருக்க, அது மலையாள இலக்கணத்தையே தமிழுடை உடுத்தி நடத்திக்கொண்டிருக்கும். "யார்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பொருள் விளங்கினால் போதாதா? விகுதியில் ஆள் மட்டும் இருந்தால் போதும் என்று நாமும் விட்டுவிடலாம். அதில் மதிப்பும் இருக்கிறதே! 'வந்தான்' என்பதற்கும் 'வந்தார்' என்பதற்கும் இடையிலுள்ள ஓரெழுத்தில் ஒரு குடும்பத்தின் ஒழுங்கே நிற்கிறது. நெல்லைப் பக்கத்தார் 'வந்தாவ' என்பர். பிற இடங்களில் 'வந்தாங்க' என்பர். வடிவம் எதுவாயினும் பெரியவர்க்கு என ஒரு முடிவு உண்டு. மலையாளி அந்த மதிப்பை வினையில் வைப்பதில்லை, பெயரில் வைக்கிறார். நேரில் நிற்கும் தந்தையிடமும் 'நிங்ஙள்' என்று சொல்லாமல் "அச்சன் எப்போள் வந்நு?" என்றே கேட்பது அங்கே பணிவு. அதையே நம் பிள்ளை தமிழாக்கி, "அப்பா எப்போ வந்து?" என்று தகப்பனார் முகத்தை நோக்கிக் கேட்கிறது. பிள்ளையின் உள்ளத்தில் பணிவு இல்லாமலில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டனார்க்கு அது தெரியுமா? "தாத்தா வந்தான்" என்று பேரன் கள்ளமின்றிச் சொல்லக் கேட்டு, மருமகளின் வளர்ப்பைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து ஊர் திரும்பும் பெரியவர்கள் உண்டு. பிறகு ஆண்டுக்கணக்கில் கடிதப் போக்குவரத்துக் குறையும்.

ஸ்பானியரிடத்தும் இந்த நுட்பம் உண்டு என்பது வியப்பு. பெரியவரை நோக்கிப் பேசும்போது 'நீ' என்பதற்குரிய வடிவத்தை ஆளமாட்டார்கள். 'உஸ்தேத்' என்று சொல்லி, வினையைப் படர்க்கையில் வைத்து, 'அப்லோ' என்பர். 'தங்கள் அருள்' என்று பொருள்படும் பழைய தொடரொன்று தேய்ந்து 'உஸ்தேத்' ஆயிற்று. அருள் பேசியது என்று சொல்லும்போது வினை படர்க்கையில்தானே வரும்? "அச்சன் வந்நு" என்று தந்தையிடமே சொல்லும் மலையாளியும், 'உஸ்தேத்' என்று படர்க்கைக்கு ஒதுங்கும் ஸ்பானியரும் ஒரே நாணத்தை உடையவர்கள்.

நம் பிள்ளைகளைத் திருத்தும்போது நம் பேச்சையும் உரைத்துப் பார்த்துக்கொள்வது நேர்மை. எதிர்மறையில் நாமே விகுதியை இழந்திருக்கிறோம். நான் வரவில்லை, நீ வரவில்லை, அவர் வரவில்லை, எல்லார்க்கும் ஒன்றே. மலையாளி 'வந்நில்ல' என்பதைப் போலவே நாமும் 'வரவில்லை' என்று முடிக்கிறோம். பழந்தமிழில் வந்திலேன், வந்திலை, வந்திலன், வந்திலர் என்று இங்கும் ஆள் காட்டும் விகுதிகள் இருந்தன. இன்று அவை செய்யுளோடு நின்றுவிட்டன. ஸ்பானியர் மட்டும் பேசவில்லை என்பதற்கும் 'நோ அப்லே', 'நோ அப்லாஸ்தே', 'நோ அப்லோ' என ஆள்தோறும் வேறாகவே சொல்லி வருகின்றனர். ஆதலால் "அப்பா வரல்ல" என்று குழந்தை சொன்னால் திருத்த வேண்டியதில்லை, "அப்பா வந்து" என்றால் மட்டும், அடுப்பிலிருந்து திரும்பி, "வந்தாங்களா?" என்று கேட்டு, அது திருப்பிச் சொல்லும் வரை சோற்றுத் தட்டைக் கையிலேயே வைத்திருக்கலாம்.